தட்டில் கிழித்த கோடு

ஒன்றை இழுத்தால் மூன்று சேர்ந்து வந்தன. ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சின்னவள் காலால் மிதித்துப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மருந்துக்கடைக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதைப் பார்த்ததுமே அவள் மிதிப்பதை நிறுத்தினாள்.

அப்பாவைக் காலையில்தான் எடுத்துப்போனார்கள். அதுமுதல் வந்தவர்களெல்லாம் அவளைக் காட்டி ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டா." மாமா ஒருபடி மேலே போய், "பெத்தா இப்படி ஒரு பொண்ணப் பெக்கணும்" என்றார். அவள் மறுக்கவில்லை. கேட்கக் கேட்க உடம்பெல்லாம் கூசியது.

அப்பா வெல்டிங் பட்டறைக்காரர். மகள் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்ததும், பட்டறைக்கு வருகிறவனையெல்லாம் நிறுத்திவைத்து, "கேன்சரச் சட்டையப் பிடிச்சுக் கேள்வி கேக்குறது எம் பொண்ணுதான்" என்று பீற்றிக்கொள்வார். அவரிடம் அவள் வேலையை விளக்கியிருந்தாள். செல்லின் மேல் ஒரு புரதம் வாசலில் காத்து நிற்கும். வெளியிலிருந்து சேதி வந்தால் உள்ளே இருக்கும் புரதத்திடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும். கடைசியில் செல் காலை நீட்டி, பக்கத்துச் சதையைத் துளைத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

"அப்ப இதுவும் ஊர்வம்புதான். நடுவுல ஒருத்தி வாயப் பொத்திட்டா?" என்றார் அப்பா.

அந்த வாயைப் பொத்தும் மருந்தைத்தான் அவள் சோதித்துக்கொண்டிருந்தாள். அவருடைய குடலிலேயே கிளம்பிய புற்று எலும்புவரை போனபிறகு வீட்டில் இந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

முந்தாநாள் ஆய்வுக்கூடத்தில், புற்றுச் செல்கள் படர்ந்த சின்னத் தட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, மருந்தை ஊற்றிவிட்டு வந்திருந்தாள். மருந்து பலிக்காவிட்டால் செல்கள் நகர்ந்து கோட்டை மூடிவிடும். நேற்று மதியம் படம் எடுத்தே ஆகவேண்டியிருந்தது. அப்பாவோ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். "வலி மருந்து தீந்துபோச்சு, நான் வாங்கிட்டு வந்துடறேன்கா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஆய்வுக்கூடத்தை ஒரு எட்டு பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. செல்கள் வளர்க்கும் அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. உள்ளே, கோடு கிழித்தது கிழித்தபடி இருந்தது. செல்கள் அசையவே இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வெளியே வந்து போனை எடுத்தபோது, அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதாக அக்காவின் சேதி வந்திருந்தது. வீட்டுக்கு வந்து, கடை பூட்டியிருந்தது என்றாள்.

"நேத்து மத்தியானமே எடுத்து வச்சேன்மா." கடைக்காரர் பொட்டலத்தை நீட்டினார். "தங்கச்சி வருவான்னு உங்க அக்கா போன்ல சொன்னாங்க. பொழுதுக்கும் கடையிலதான் இருந்தேன், யாரும் வரல. நானாவது கொண்டாந்து குடுத்திருக்கணும்."

தண்ணீர் டம்ளரோடு அக்கா சின்னவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் பொட்டலத்தைச் சின்னவள் கையில் கொடுத்து, தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

"அக்கா, நான் கடைக்குப் போகல."

"தெரியும்."

சின்னவளுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

"அப்பாதான் சொன்னாரு," என்றாள் அக்கா. "இன்னிக்கு அவ தட்டுப் பாக்குற நாளு, கடைக்கு எங்க போயிருக்கப்போறான்னு. அவரத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது? உனக்குப் போன் பண்ண எடுத்தேன். வேணாம், அவ வேலை கெட்டுடும்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு. கடைசி வரைக்கும் விடல."

பொட்டலத்தை வாங்கிக்கொள்ள அக்கா கையை நீட்டினாள். மணிக்கட்டில் விரல்கள் பதிந்த இடம் நீலம் பாரித்திருந்தது.

"தட்டுல அது நின்னுச்சா?"

"நின்னுச்சுக்கா."

"அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

வாசலிலிருந்து மாமா புதிதாக வந்த ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். "இதோ, இவதான். கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தவ."

"நான் இல்ல மாமா. அக்கா."

"பாத்தீங்களா, பேரெடுத்துக்கக்கூடக் கூச்சப்படுறா" என்று மாமா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவள் ஒரு நாற்காலியைப் பிரித்தெடுத்து, முந்தானையால் துடைத்து அக்காவின் பக்கத்தில் போட்டாள். அக்கா உட்காரவில்லை.