கீழே நிற்கிறவன்

“குழாயில காத்து அடைச்ச மாதிரி எல்லாரும் ஒரே நேரத்துல நின்னு போறீங்களே!” என்று கத்தினார் பிளம்பர். வாரம் ஒருநாள் சாயங்காலம் நூலக மாடியில் கூடும் பாட்டுக்குழுவுக்கு அவர்தான் தலைவர். “நீளமான சுரத்துல ஆள் மாத்தி ஆள் மூச்சு எடுக்கணும். ஒருத்தர் எடுக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்க பிடிச்சுக்கணும். தையல்காரம்மா, மருந்துக்கடைக்காரம்மா, நீங்க ரெண்டு பேரும் ஜோடி.”

தையல்காரி தயங்கித் தயங்கி மருந்துக்கடைக்காரியின் பக்கத்தில் போய் நின்றாள். மகன் சிறைக்குப் போனதிலிருந்து தெருவில் யாரும் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘அக்கா’ என்று கூப்பிட ஆள் இருந்தது இந்த மாடியில்தான். அவன் கத்தியைக் காட்டிப் பணம் பறித்தது இந்த மருந்துக்கடைக்காரியிடம் என்பது, குழுவில் சேர்ந்து பல வாரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. மருந்துக்கடைக்காரிக்கு இன்னும் தெரியாது.

சுரம் எழுந்தது. மருந்துக்கடைக்காரி முழங்கையால் இடித்தாள், இவள் பிடித்துக்கொண்டாள். இவள் இடித்தாள், அவள் பிடித்துக்கொண்டாள்.

“அடடா, இப்பதான் தண்ணி வருது!” என்றார் பிளம்பர்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மகன். ‘மழை பெய்யுதும்மா. குடையோட கீழ நிக்கிறேன்.’

வெளியே வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்தப் பக்கமே வராதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி முடிந்ததும் முதல் ஆளாக ஓடப் பார்த்தவளின் கையை மருந்துக்கடைக்காரி பிடித்துக்கொண்டாள்.

“இருங்கக்கா, சேர்ந்தே இறங்கலாம். படியில பல்பு போயிடுச்சு. கடையில அப்படி நடந்ததுக்கப்புறம் இருட்டுன்னாலே எனக்குக் கை கால் ஆடுது. சிரிக்காதீங்க.”

இறங்கினார்கள். திருப்பத்தில் நின்று பார்த்தபோது வாசல் வெளிச்சத்தில் ஒரு குடையின் விளிம்பும் நனைந்த செருப்புக் கால்களும் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் இறங்கினால் முகம் தெரிந்துவிடும்.

தையல்காரி நகரவில்லை.

“கீழ நிக்கிறது என் பையன்.”

“அதுக்கென்னக்கா, வாங்க.”

“உங்க கடைக்கு வந்தவன்.”

மருந்துக்கடைக்காரியின் விரல்கள் அவள் கையில் நகம் பதிய இறுகின. மேலே யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

“அவனைப் போகச் சொல்லுங்க.”

“டேய், நீ போ! குடை வேணாம், போயிடு!”

செருப்புச் சத்தம் மழைக்குள் தேய்ந்து மறைந்தது.

“நான் இனிமே பாட்டுக்கு வரலாமா, வேண்டாமா?” என்று கேட்டாள் தையல்காரி.

“தெரியலக்கா. இப்ப எதுவும் கேக்காதீங்க.” மருந்துக்கடைக்காரி அவள் கையை விடவில்லை. “முதல்ல என்னைக் கீழ கொண்டுபோய் விடுங்க.”