அக்ஸீனியாவின் கல்லறையில் ஒரு கோப்பை

கிஷினாவ் ஆஸ்பத்திரியில் காசநோய் குணமாகி வந்தபின் எனக்கு இதுதான் முதல் கல்லறைத் திங்கள். ஈஸ்டருக்கு மறுவாரம் ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான் சாப்பிடும். நானும் என் மனைவி அக்ஸீனியாவின் கல்லறை மேல் துணி விரித்து, வட்ட ரொட்டியும் ஈஸ்டருக்குச் சிவப்புச் சாயம் தோய்த்த முட்டையும் ஒயினும் வைத்தேன். செத்தவர் பெயரால் கொடுப்பதை யாரும் மறுக்கக் கூடாது. அந்த வழக்கத்தை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒருத்தர் என் கோப்பையில் குடித்துவிட்டால் போதும், மறுபடி ஊரோடு ஒட்டிக்கொள்வேன்.

எங்களுக்கு ஒயின் என்றால் ஒரே கோப்பைதான். கொடுப்பவன் முதலில் குடித்து, அதையே அடுத்தவனுக்கு நீட்டுவான்.

பக்கத்து வீட்டு அனிசிம் வந்தான். நான் குடித்துவிட்டு நீட்டினேன். அவன் கோட்டுப் பையிலிருந்து சொந்தக் கோப்பையை எடுத்தான்.

"தப்பா எடுத்துக்காத கவ்ரில். வீட்ல பேரப்புள்ளைங்க இருக்கு."

"அது கோப்பையில ஒட்டாதுடா, மூச்சுக்காத்துல பரவுறது. எனக்கு இப்ப அதுவும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டருக்கென்ன, சொல்லுவாரு. அவரா உன் பக்கத்து வீட்ல இருக்காரு?"

நின்றபடியே குடித்துவிட்டு நகர்ந்தான். ஈஸ்டர் அன்று கோயிலில் பாதிரியார் நற்கருணை ஒயினை நீட்டிய ஒரே கரண்டியில் ஊர் முழுக்க வாய் வைத்தது. அப்போதும் என்னைக் கடைசியில் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றவன் இவன்.

மத்தியானம் வரை வேறு யாரும் வரவில்லை. சுற்றிலும் சிரிப்புச் சத்தம். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் அதையும் நோய் என்பார்களோ என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது அனிசிமின் மருமகள் சவேட்டா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஊத்த மாட்டீங்களா மாமா?"

என் கோப்பையை வாங்கி, துடைக்காமல் குடித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பார்த்தாயா அக்ஸீனியா என்று சொல்லப் போனேன். அதற்குள் சவேட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள்.

வார்டு முழுக்க நான் கேட்டுக் கிடந்த இருமல் அது. அவள் கழுத்தெலும்பு துருத்தியிருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன். சொன்னால் எழுந்து போய்விடுவாள். என்னிடம் வந்தவளே அவள் ஒருத்திதான். இருந்தும் கேட்டேன்.

"எவ்வளவு நாளா இருமல்?"

"பனிக்காலத்துலேர்ந்து. ராத்திரில வேர்த்துக் கொட்டுது." கோப்பையைக் கீழே வைத்தாள். "வீட்ல யாருக்கும் சொல்லல. நீங்க எனக்குப் புதுசா என்னத்தக் குடுத்துடப் போறீங்க மாமா?"

சுருக்கென்று தைத்தது. பயமில்லாமல் வந்தாள் என்று நினைத்தேனே. பேரப்பிள்ளைகளுக்காகக் கோப்பை சுமந்து வந்த அனிசிமின் வீட்டுக்குள்ளேயே நோய் உட்கார்ந்திருந்தது.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மாத்திரைய நடுவுல விடாம முழுங்கினா குணமாயிடும். புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போய்க் காட்டு."

"திரும்பி வந்தா பக்கத்துல உட்காருவாங்களா?"

"உட்காருவாங்க. எல்லாரும் வந்து உட்காருவாங்க."

யாரும் பிட்டுக்கூடப் பார்க்காத ரொட்டியை அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பொய் சொல்லவே வரல மாமா," என்றாள். "காலைல என்கூட பஸ்ல வர்றீங்களா? தனியாப் போக பயமா இருக்கு."