ஒரே வினாத்தாள்

தயாளினியின் கணித விடைத்தாளில் பாதிக்கு மேல் வெறுமையாகவே கிடந்தது. கணித ஆசிரியர் நிரஞ்சன் சேர் அதைத் தாய் கமலேஸ்வரியின் கையில் கொடுத்தார், அவள் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தாள். தர்மபுரத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்து பெற்றாரைக் கூப்பிட்டிருந்த நாள் அது.

“பிள்ளைக்குப் பாடம் விளங்கேல்லையோ சேர்?”

“விளங்காட்டி நான் திருப்பிப் படிப்பிச்சிருப்பன், உங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டன். இதே கணக்குகளை வகுப்பில கரும்பலகையில செய்து காட்டினவள். சோதினைத் தாளைக் கண்ட உடனை கை நிண்டிடுது. நான் பாத்தனான். பேனையைப் பிடிச்சுக்கொண்டு சும்மா இருக்கிறாள்.”

“அதுக்கு என்ன செய்யிறது?”

“பயத்துக்குப் பாடத்திட்டத்தில ஒண்டும் இல்லையக்கா. வீட்டில கொஞ்சம் பாருங்கோ.”

கமலேஸ்வரி தனக்குத் தெரிந்த விதமாகப் பார்த்தாள். தொலைக்காட்சியின் வயரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். விடிய முன்னமே மகளை எழுப்பிவிட்டாள். “படிச்சிட்டியோ, படிச்சிட்டியோ” என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்தாள். வாரந்தோறும் வைக்கும் கிழமைச் சோதனை இருக்கிற காலைகளில் தயாளினி சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். இரண்டு தரம் சாப்பிட்டதை அப்படியே சத்தி எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

“கொஞ்சம் விடப்பா அவளை. நீ கேக்கக் கேக்கத்தான் அது இன்னும் கூடப் பயப்பிடுது” என்றான் கணவன் ராஜரத்தினம். அவன் உழவு மெசினோடு முரசுமோட்டைப் பக்கம் வயல்வயலாகப் போய்வருகிறவன். வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் அவன் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனாலேயே கமலேஸ்வரிக்குக் கோபம் வந்தது.

அவளுக்கு அந்தப் பயம் புதிதில்லை. தயாளினி இந்த முறை எழுதப்போகும் சாதாரண தரப் பரீட்சையில் அவளும் ஒரு காலத்தில் கணிதத்தைக் கோட்டைவிட்டவள்தான். மண்டபத்தில் இருந்தபோது தாளில் இருந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போலத் தெரிந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. திரும்ப எழுதவில்லை. கலியாணம் வந்தது, பிறகு யுத்தம், பிறகு அகதி முகாம். தயாளினி தவழப் பழகியதே கூடாரத்துக்குள்தான். கமலேஸ்வரி கணிதம் பாஸா பெயிலா என்று கேட்க அந்தக் காலத்தில் ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

ஒரு பின்னேரம் அவள் குசினியில் நெத்தலி துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். மகள் எதிரில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். சும்மா கண்ணில் பட்டதைக் கமலேஸ்வரி கேட்டாள்.

“உந்தச் சமன்பாட்டில என்ன, எழுத்துக்கு மேல சின்னனா ஒரு ரெண்டு?”

தயாளினி சிரித்துவிட்டாள். “அம்மா, அது வர்க்கம். அதே எண்ணை அதே எண்ணால பெருக்கிறது.” பிறகு, தாய் விளங்காமல் விழிப்பதைக் கண்டு, மீன் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பெட்டி பெட்டியாகக் கீறி விளங்கப்படுத்தினாள். பிழையாகச் சொன்னபோது திருத்தினாள். குரலில் ஒரு தடக்கமும் இல்லை. இந்தப் பிள்ளையா தாளை வெறுமையாக வைத்தது என்று கமலேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய், வெளியாட்களும் சாதாரண தரச் சோதனை எழுதலாமோ என்று நிரஞ்சன் சேரிடம் கேட்டாள். எழுதலாம், விண்ணப்ப முடிவுத் திகதி இன்னும் வரவில்லை என்றார் அவர். ஆருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

ராஜரத்தினம் கேட்டான். “இப்ப உனக்கு என்னத்துக்கு?”

“சும்மாதான்” என்றாள். மகளிடம் மட்டும், “எனக்குப் படிப்பிக்க ஆள் இல்லை. நீதான் சொல்லித் தரோணும்” என்றாள்.

தயாளினி பொல்லாத வாத்தியாராக இருந்தாள். பார்த்து எழுத விடமாட்டாள். விளங்கிவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டாள். “அப்ப செய்து காட்டுங்கோ.” பின்னங்களிலேயே இரண்டு கிழமை நின்றார்கள். நீளமான வினா வந்தால் கமலேஸ்வரிக்கு இப்போதும் எழுத்துகள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு எழும்பப் போனாள்.

“இருங்கோ அம்மா. முழுக்கப் பாக்காதேங்கோ. கையால மற்ற வரிகளை மறையுங்கோ. ஒரு வரியை மட்டும் வாசியுங்கோ. அதில தந்திருக்கிறதை எழுதுங்கோ. பிறகு அடுத்த வரி.”

“அப்பவும் தெரியாட்டி?”

“விட்டிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கோ. அது அங்கையேதான் இருக்கும், ஓடாது. கடைசியில திரும்பி வரலாம்.”

கமலேஸ்வரி திரும்பப் புத்தகத்தைத் திறந்தாள். மகள் தன்னுடைய கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்துக் கையால் மறைத்து, ஒரு வரியை வாசிப்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் இருவரும் ஒரே வினாத்தாளை நேரம் வைத்துச் செய்தார்கள். முன்விறாந்தையில் இரண்டு கதிரைகளை முதுகுக்கு முதுகாகப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். முதல் சனிக்கிழமை மகளின் பேனை நின்றது கமலேஸ்வரிக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. பார்க்கவில்லை. தன்பாட்டில், பிழையோ சரியோ, எழுதிக்கொண்டே போனாள். நெடுநேரத்துக்குப் பிறகு பின்னால் பேனை திரும்பவும் ஓடத் தொடங்கியது.

“நான் ஏலாமல் இருந்தனான். நீங்கோ எழுதுற சத்தம் கேட்டுது” என்றாள் தயாளினி முடிந்த பிறகு. “அம்மாவே எழுதுறா, நான் ஏன் இருக்கிறன் எண்டு நினைச்சன்.” பிறகு தாயின் தாளைத் திருத்தினாள். பெரும்பாலும் பிழை.

மார்கழி மழை தொடங்கியபோது கமலேஸ்வரியிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. புல்லுப் பிடுங்கும்போது வாய்க்குள் காரணி பிரித்துக்கொண்டு நின்றாள். மகள் களைத்துப் படுத்திருந்த பின்னேரங்களிலும் தனியே இருந்து செய்தாள். ஒரு கணக்குச் சரிவந்தால் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருக்கும். ராஜரத்தினத்திடம் சொன்னாள். அவன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

“அம்மா, நீங்கோ எனக்காகத்தானே இதுக்குப் போட்டனீங்கோ?” என்று தயாளினி ஒரு நாள் கேட்டாள்.

“ஓம். முதல்ல அப்பிடித்தான்.”

“இப்ப?”

“இப்ப தெரியேல்லை. விட எனக்கு மனமில்லை.”

சோதனை நாளன்று இருவருக்கும் வேறு வேறு மண்டபம். தயாளினிக்கு அவளுடைய பள்ளிக்கூடம், கமலேஸ்வரிக்குக் கிளிநொச்சி. காலையில் மகள் இடியப்பம் சாப்பிட்டாள், அது வயிற்றில் நின்றது. “மறைச்சு வாசியுங்கோ” என்று தாய்க்குச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். கமலேஸ்வரி பஸ்ஸில் போனாள்.

வாசலில் நின்ற மேற்பார்வையாளர் அவளை மறித்தார். “பெற்றார் வெளியில நிக்கோணும் அம்மா.”

“நான் எழுத வந்தனான்” என்று அனுமதி அட்டையைக் காட்டினாள். வரிசையில் நின்ற பெடியள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சூடாகியது, ஆனாலும் உள்ளே போய் இருந்தாள். முதலாம் தாள் போனது. இரண்டாம் தாளில் கேத்திரகணிதத்துக்கு வந்தபோது பழையபடி எல்லாம் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கையை வைத்து மறைத்தாள். ஒரு வரி வாசித்தாள். தந்ததை எழுதினாள். அடுத்த வரி வரவில்லை, விட்டுவிட்டு வேறு கணக்குக்குப் போனாள். மணி அடிக்கும்போது செய்யாத வினாக்கள் இன்னும் இருந்தன. ஆனால் அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள்.

பெறுபேறு வந்த அன்று தயாளினிதான் கைத்தொலைபேசியில் பார்த்தாள். அவளுக்குக் கணிதத்தில் சீ, திறமைச் சித்தி. மற்றப் பாடங்களும் நல்லதாக வந்திருந்தன. உயர்தரத்துக்குப் போகலாம். பிறகு தாயின் பரீட்சைச் சுட்டெண்ணை அடித்தாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சொல்லு” என்றாள் கமலேஸ்வரி.

“டபிள்யூ அம்மா. பாஸ் இல்லை.” தயாளினி அழத் தொடங்கிவிட்டாள். “நான் வடிவாச் சொல்லித் தரேல்லை.”

“நீ வடிவாத்தான் சொல்லித் தந்தனி. நான் பிந்தித் தொடங்கினனான்.”

ராஜரத்தினம் மகளின் தலையைத் தடவினான். “உன்ர அலுவல் முடிஞ்சுதுதானே. பிள்ளை பாஸ். இனி அதை விடு” என்று மனைவியிடம் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். கமலேஸ்வரிக்கு மகளைப் பற்றிய சந்தோசம் நெஞ்சு முட்ட இருந்தது. அதோடு கூடவே, தன் பெறுபேற்றுக்காக ஒரு எரிச்சலும் வந்தது. இருபது வருசத்துக்கு முன்னர் பெயிலானபோது வந்தது வெட்கம். இது அது இல்லை. கிட்ட வந்து தவறவிட்ட எரிச்சல்.

“முடியேல்லை” என்றாள்.

தயாளினிக்கு உயர்தர வகுப்புகள் தொடங்கிவிட்டன, தாய்க்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு நிரஞ்சன் சேர் நடத்தும் மேலதிக வகுப்புக்குக் கமலேஸ்வரி தானே போனாள். புதிதாகத் தரம் பதினொன்றுக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவள் வாசலில் நின்றதைக் கண்டு, யாருடைய தாயோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சேர், நானும் இருக்கலாமோ?”

அவர் சோக்கட்டியால் முன்வரிசை வாங்கைக் காட்டினார். அதில் இருந்த பெட்டை தன் புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். கமலேஸ்வரி இருந்தாள். கரும்பலகையில் ஒரு வட்டமும் அதைத் தொட்டுக்கொண்டு போகும் கோடும் கீறியிருந்தன. அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் என்று சேர் வகுப்பைக் கேட்டார்.

“தொடலி” என்றாள் அவள், பிள்ளைகள் வாய் திறக்க முன்னமே.