மூக்குக்குப் போட்ட பஞ்சர்

இப்போதெல்லாம் யாரும் எதையும் சோதித்துப் பார்த்து வாங்குவதில்லை. கடைக்காரன் பெட்டியை நீட்டினால் போதும், தலையை ஆட்டிக்கொண்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் வாங்கியவன் பாதி வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். என் பஞ்சர் கடைக்குத்தான் வருவான். அதனால் காற்று விஷயத்தில் நான் எவன் பேச்சையும் நம்புவதில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டுக்கே ஒரு காற்றுப் பெட்டி வந்து சேர்ந்தது. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். குறட்டை கேட்டால் என் மனைவிக்கு நிம்மதி. சத்தம் நின்றுவிட்டால் எழுந்து உட்கார்ந்து என் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாளாம். இப்படிக் காவல் காத்ததில் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. ஒரு காலை அடுப்படியில் நின்றபடியே கண்ணயர்ந்து, கொதிக்கிற பாலைக் கையில் ஊற்றிக்கொண்டாள். அன்றே துணிமணிகளைப் பையில் அடுக்கினாள்.

"ஒண்ணு, ஆஸ்பத்திரியில சொல்ற மெஷினைப் போட்டுக்குங்க. இல்ல, நான் மக வீட்டுக்குப் போறேன். அங்கயாவது கொஞ்சம் தூங்குவேன்."

மாப்பிள்ளை ஓடியாடி, என்னையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய், பெட்டியை வாங்கிவந்து வைத்தார். மாமனாருக்காக ஒரு மாப்பிள்ளை இவ்வளவு பாடுபட்டால் எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"இதுல ஏமாத்த முடியாது மாமா. நீங்க போட்டீங்களா இல்லையான்னு ஆஸ்பத்திரிக்கே தகவல் போயிடும்."

"ஓஹோ. கட்டினவகூட என்னை இவ்வளவு வேவு பார்த்ததில்ல."

மூக்கை மூடும் ஒரு மாஸ்க், பின்மண்டையில் பட்டை, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். முதல் தடவை மாட்டியதும் காற்று குபுக்கென்று வந்தது. யாரோ தலையணையை வைத்து அமுக்குவது போலிருந்தது. பயம் என்றார் மாப்பிள்ளை. பயமாவது! நெஞ்சு படபடத்தது, கை தானாகப் பட்டையைப் பிய்த்தது, அவ்வளவுதான். அதோடு உஸ்ஸென்று காற்று போகிற சத்தம் வேறு. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டு நான் எப்படிப் படுத்திருப்பேன்?

காலையில் மாஸ்க்கைக் கடைக்கு எடுத்துப்போய்ச் சோப்பு நுரை தடவி ஊதிப் பார்த்தேன். முன்பக்கம் வரிசையாகக் குமிழி! புதுச் சாமானையே ஓட்டையாகத் தலையில் கட்டியிருக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, நல்ல ரப்பராகப் பார்த்து ஒட்டி, வெயிலில் காயவைத்தேன்.

அதற்குப் பிறகு சத்தம் போயிற்று. ஆனால் மூச்சை வெளியே விட்டால் போகவில்லை. சாக்குக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. மாட்டுவதும் பிடுங்கி எறிவதுமாகவே போனது. எழுந்தால் மண்டையிடி. ஆளைக் கொல்லத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

"திருப்பிக் கொடுத்துட்டு வரேன்" என்றேன்.

"நானும் வரேன். அங்கிருந்தே மக வீட்டுக்கு பஸ் ஏறிக்கறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இந்த மெஷின்களைப் பார்க்கும் பெண் மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, கறுப்பா இது என்ன?"

"பஞ்சர். கம்பெனிக்காரன் விட்ட குறையை நான் அடைச்சேன்."

"நீங்க விடற மூச்சு வெளிய போகத்தான் ஐயா அந்த ஓட்டை! அடைச்சா விட்ட காத்தையே திரும்ப இழுப்பீங்க. மூச்சு முட்டாம என்ன செய்யும்?"

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. நீங்க மெஷின்ல எரியற லைட்டைக் காட்டி, 'இது கேமராவா'ன்னு கேட்டுட்டிருந்தீங்க."

என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊர் வண்டிக்கெல்லாம் ஒட்டினது போதாதுன்னு மூக்குக்கும் ஒட்டிட்டாரும்மா!"

நான் விடவில்லை. "பஞ்சர் போடறதுக்கு முன்னாடியும் முட்டுச்சே, அதுக்கென்ன சொல்றே?"

"அது பயம் ஐயா. நிறையப் பேருக்கு வரும். பட்டையை மாட்டாதீங்க. பகல்ல சும்மா உட்கார்ந்து கையால பிடிச்சுப் பழகுங்க. காத்தும் மெதுவாத்தான் ஆரம்பிக்கும். வேணாம்னா எடுத்துடலாம், உங்க கைதானே."

புது மாஸ்க் ஒன்றைக் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். வைத்தேன், எடுத்தேன். மறுபடி வைத்தேன். உஸ்ஸென்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எடுத்தபோது யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது மாஸ்க்கைப் பிடித்த கை முகத்திலேயே இருந்தது. பக்கத்து நாற்காலியில் என் மனைவி, மடியில் பையோடு, சுவரில் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாலில் வெந்த கை பையின் மேல் கிடந்தது.

"நீங்க தூங்கிட்டீங்க ஐயா. அம்மா கொஞ்ச நேரம் உங்க மூச்சையே பார்த்துட்டிருந்தாங்க. அப்புறம் அவங்களும் தூங்கிட்டாங்க."

"நான் எங்க தூங்கினேன்? கண்ணை மூடி யோசிச்சேன். அவ தூங்கினது உங்க ஏசி குளிருக்கு."

அவளாக எழும்வரை காத்திருந்தேன். பிறகு மெஷினை ஒரு கையிலும் அவள் பையை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டேன். வாசலில் மகள் ஊர் பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் அதைத் தாண்டி, எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

"ஏங்க, பஸ் அங்க நிக்குது" என்றாள் பின்னால் வந்துகொண்டே.

"நிக்கட்டும். இந்தப் பெட்டியை இன்னும் கொஞ்ச நாள் வெச்சுப் பார்த்தாத்தான் திருட்டுத்தனம் வெளிய வரும். ஓட்டை போட்டே விக்கறானாம், அதை நான் நம்பணுமாம்!"