நாற்காலியில் ஒரு சட்டை

எங்கள் நாடகத்தில் கணவனாக யாரும் நடிக்கவில்லை. மேடையில் ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஒரு சட்டை, அவ்வளவுதான். அவ்வப்போது ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் வரும்: "பணம் போட்டாச்சு." மனைவி "சரிங்க" என்பாள். இப்படியே பதினோரு முறை. கடைசியில் அவள் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, எதிரே இருப்பவர்களைப் பார்த்து, "எனக்கு ஆசையா இருக்கு. காசு மேல இல்ல. என் ஒடம்புக்கு ஆசையா இருக்கு" என்று சொல்ல வேண்டும்.

அந்த மனைவி நான். அந்த வரி மட்டும் எனக்கு வரவில்லை. எழுதி இயக்குகிற அன்புச்செல்வி அக்கா புதுக்கோட்டையில் கல்லூரி ஆசிரியை. ஒவ்வொரு ஒத்திகையிலும் நான் அந்த வரியில் நின்றுபோனதைப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழம நாடகம். நாளைக்குள்ள வரலைன்னா செங்கமலத்தப் போட்டுருவேன் பிளெஸ்ஸி." எங்கள் குழுவில் இருக்கும் செங்கமலம் அதை இட்லிக்குச் சட்னி கேட்பது போலச் சொல்லிவிடுவாள். அவளுக்கு அது வெறும் வரி. எனக்கு ஏழு வருஷம். பஸ்ஸில் வரும்போது அழுதேவிட்டேன்.

என் கணவர் ஜெரால்டு ஏழு வருஷமாகக் கத்தாரில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வருவார். அறந்தாங்கியில் நான் இருக்கும் வீடு அவர் பணத்தில் கட்டியது. ஹால் மூலையில் இருக்கும் கேமராவும் அப்படித்தான். அங்கிருந்தே அதன் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார், அதன் வழியாகவே பேசுவார். கேட்டால் பாதுகாப்பு என்பார். நாடகம் டெங்கு விழிப்புணர்வு என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். கொசுவுக்கு இத்தனை ஒத்திகையா என்று அந்த மனுஷனும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மதியம் இன்வெர்ட்டரும் ஓய்ந்து ஃபேன் நின்றது. வீடு குளத்துக்கு அடியில் போனது போல் ஆகிவிட்டது. பச்சைத் திரை வழியாக வந்த வெயில் தரையில் மெல்ல அசைந்தது. ஐஸ்காரர் மணி எங்கோ கேட்டு, கரைந்து போனது. கேமராவும் செத்திருக்கும் என்று நினைத்தேன்.

பீரோவிலிருந்து அவருடைய நீலச் சட்டையை எடுத்தேன். அந்துருண்டை வாசம்தான் அடித்தது. அவர் வாசம் எப்போதோ போய்விட்டது. நைட்டி மேல் மாட்டிக்கொண்டேன். கைகள் என் விரல்களைத் தாண்டித் தொங்கின. பின்னாலிருந்து யாரோ கட்டிக்கொண்டது போல இருந்தது. கண்ணை மூடினேன். தூக்கத்தில் பேசுவது போல வரி தானாக வந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. காலரில் கன்னத்தை வைத்து மூன்றாவது தடவை.

"பிளெஸ்ஸி."

நாடகத்துக் குரல் என்றே நினைத்தேன். "சரிங்க" என்றேன். அப்புறம்தான் முழித்தேன். அவர் குரல், கேமராவிலிருந்து.

போன லீவில் கேமராவுக்கும் மோடத்துக்கும் மட்டும் தனியாக ஒரு சின்ன பேட்டரி வைக்கச் சொல்லியிருக்கிறார். பரணில் இருந்த அந்தப் பெட்டியை ஏதோ பழைய ரேடியோ என்று நானே வாராவாரம் துடைத்து வைத்திருக்கிறேன்.

"யார்டி அங்கிட்டு? யார்கிட்ட பேசுற?"

"யாருமில்லங்க. நாடகம்."

"டெங்குக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. கேமரா சோபா, சமையற்கட்டு வாசல், கதவு இடுக்கு என்று ஆளைத் தேடிச் சுற்றிவிட்டு என்மேல் வந்து நின்றது.

"என் காசுல சாப்புட்டுக்கிட்டு, ஊருக்கு முன்னாடி இதச் சொல்லுவியா? அது யார் சட்ட?"

"ஒங்க சட்டதான். ஏழு வருசமா அதுக்குள்ள ஆளு இல்ல."

கேமரா மெதுவாகத் திரும்பியது. காலண்டர் தொங்கும் சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டது. அவராகத்தான் திருப்பினார். சுவரைப் பார்த்தபடியே, நான் மறந்துபோன ஒரு குரலில் சொன்னார்: "இன்னொரு தடவ சொல்லு."

கோபம் போய்ப் பாவமாக இருந்தது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வரி நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனாலும் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.

"ஞாயித்துக்கெழம ஆறு மணிக்குப் புதுக்கோட்டையில சொல்லுவேன்" என்றேன். "வந்து கேளுங்க."