பொம்மை, இரண்டாம் பாகம்

சாவித்திரி புருஷனைக் கைபிடித்து மாடிப்படி ஏற்றிக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். திரை வெளிச்சம் பட்டதும்தான் பழமலைநாதன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. சாயங்காலம் வருவதாகச் சிங்காரவேலிடம் சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

பாலக்கரையில் அந்த ஒற்றை அறைதான் சிநேகிதர்கள் இருவரின் கம்பெனி. சிங்காரவேல் படம் வரைவான், பழமலை புரோகிராம் எழுதுவான். சூளைக்குள் மாட்டிக்கொண்ட பீங்கான் பொம்மையொன்று விரிசல் விழாமல் தாவித் தாவி வெளியே வரும் விளையாட்டை 1995இல் செய்தார்கள். சென்னையில் ஒருவர் அதை ஃப்ளாப்பியில் போட்டு விற்றார். நன்றாகவே ஓடியது. இரண்டாம் பாகம் கேட்டார். அதைப் பேசி முடித்துத் திரும்பும்போதுதான் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் பஸ் கவிழ்ந்தது. சிங்காரவேலுக்குக் கையில் சிராய்ப்போடு போயிற்று. பழமலைக்கு மண்டையில் அடி. பிழைத்து வந்தவனுக்குப் பெண்டாட்டியைத் தெரியவில்லை, பெற்ற மகளைத் தெரியவில்லை. வீட்டில் ஓயாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

முதல் பாகத்துக்கு அவன் எழுதி வைத்திருந்த புரோகிராம் வேறு யாருக்கும் பிடிபடவில்லை; அது பிடிபடாமல் இரண்டாம் பாகம் நகராது. ஒருநாள் சும்மா அழைத்துவந்து உட்கார வைத்தபோது அவன் விரல்கள் கீபோர்டில் தாமாக ஓடின. சிங்காரவேலுக்கு வந்த சந்தோஷம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தினமும் கூட்டிவரச் சொன்னான்.

தை பிறந்ததும் வேலை முடிந்து சென்னைக்குப் போயிற்று. அதைக் கேட்ட சாவித்திரி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைலேர்ந்து இவர எங்கண்ணே கூட்டிட்டுப் போறது? இங்க இருக்கறப்பதான் முட்டிக்காம இருக்குறாரு."

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குதும்மா. நீ கூட்டிட்டு வா."

மறுநாள் அவர்கள் வருவதற்கு முன்னால் சிங்காரவேல், முடிந்த புரோகிராமின் நகலில் சில வரிகளை அழித்து வைத்தான். மத்தியானத்துக்குள் பழமலை சரிசெய்துவிட்டான். அடுத்த நாள் வேறு வரிகள். மாசியும் பங்குனியும் இப்படியே போயின.

சித்திரையில் ஒருநாள், அழித்த இடத்துக்கு வந்ததும் பழமலையின் கை நின்றது. மெல்லத் திரும்பினான். விபத்துக்கு அப்புறம் முதல் தடவையாகச் சிங்காரவேலின் கண்ணைப் பார்த்தான்.

"இத யாரு தெனம் அழிக்கிறது?"

சிங்காரவேல் தலையைக் குனிந்துகொண்டான். பழமலை திரைப்பக்கம் திரும்பி ஒரு விரலை அழிக்கும் பொத்தான்மேல் வைத்து அழுத்தியபடியே இருந்தான். வரிகள் கீழிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வந்தன. சிங்காரவேல் தடுக்கவில்லை. மாடிப்படியில் சாவித்திரியின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த விரல் பொத்தானை விட்டு எழவில்லை. திரையின் முக்கால்வாசி கறுத்துவிட்டிருந்தது.