பொத்தான் சொல்லும் வேலை

சலவைக் கடையின் மாடியில், மதியச் சாப்பாடு முடிந்ததும், புருஷனும் பெண்சாதியும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு சின்னத் துணிப்பைக்குள் கையை விடுவது வழக்கமாகிவிட்டது. யாராவது பார்த்தால் ஏதோ வேண்டுதல் என்றுதான் நினைப்பார்கள். வேண்டுதல் எல்லாம் இல்லை. டிவியில் ஆடுகிற வீடியோ கேமில் அடுத்து என்ன செய்வது என்று அந்தப் பைதான் சொல்ல வேண்டும்.

அவரைத் தெருவில் எல்லோரும் மடிப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தேய்த்து மடித்துக் கொடுத்த சட்டையைப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எடுத்தாலும், அப்போதுதான் கடையிலிருந்து வந்த மாதிரி இருக்கும். எந்தக் கறைக்கு என்ன போட வேண்டும், எந்தத் துணி எவ்வளவு சூடு தாங்கும் என்று கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷனைப் போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து தொட்டுவிட்டுப் போனது. கடவுள் புண்ணியத்தில் பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. இடது கை மட்டும் அரைகுறையாக நின்றுவிட்டது. விரல்கள் மடங்கும், நிமிரும். எதைத் தொடுகிறோம் என்பதுதான் அவற்றுக்குத் தெரியாது.

கையைப் பற்றிக்கூட அவளுக்கு அவ்வளவு கவலை இல்லை. மனுஷன் மாடியை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறாரே, அதுதான் அவளை அரித்தது.

"கீழ வந்து சும்மா உட்காருங்களேன். நாலு பேரோட பேசிட்டு இருக்கலாம்ல."

"எதுக்கு, ஒத்தைக் கையால வேடிக்கை காட்டவா?"

கடையை அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். முடியாமல் இல்லை. ஆனால் துணி கொடுக்க வருகிறவர்கள் "அண்ணன் எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டு மாடிப்படியைப் பார்ப்பார்கள். அவளும் பார்ப்பாள்.

கேமைக் கொண்டு வந்தவன் அவளுடைய தம்பி. லிஃப்ட் மெக்கானிக். "விரலுக்கு நல்ல பயிற்சி மாமா" என்று சொல்லி டிவியில் மாட்டிக் கொடுத்தான். ஒரு தீவு. அதில் ஒரு வீடு, கொஞ்சம் நிலம், சுற்றிலும் கடல், மலையடியில் ஒரு சுரங்கம், அங்கங்கே அண்டை வீட்டுக்காரர்கள்.

"இதுல நான் என்ன பண்ணணும் மாப்ளே?"

"எதுவேணா பண்ணலாம் மாமா. அதுதான் இந்த கேம்ல விசேஷமே."

"எதுவேணான்னா? ஒண்ணு சொல்லித் தொலைடா."

அங்கேதான் சிக்கிக்கொண்டது. நாள் முழுக்கக் கடையில் முடிவு எடுத்துக்கொண்டே இருந்த மனுஷனுக்கு, நோய் வந்த பிறகு இட்லியா தோசையா என்று கேட்டால்கூடத் தலை கனத்தது. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். டிவியில் அந்தக் குட்டி ஆள் வயலின் நடுவில் நிற்பான். சூரியன் மேலே ஏறும், கீழே இறங்கும், இருட்டும். அவன் நின்றபடியே கொட்டாவி விடுவான்.

"இவனும் என்னை மாதிரிதான்" என்பார் மடிப்புக்காரர்.

அடுத்த முறை வந்தபோது தம்பி இதைப் பார்த்துவிட்டு, "என்ன செய்றதுன்னு தெரியலைன்னா பகடையை உருட்டிடு மாமா. நாங்கள்லாம் அப்படித்தான் விளையாடுவோம்" என்றான். பகடை வாங்கி வந்தும் கொடுத்தான். அது உருட்டுகிற போதெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. குனிந்து குனிந்து எடுத்தவள் ஒரு நாள் அலுத்துப்போய், "இருங்க, நம்ம கடையில இல்லாத பகடையா" என்று கீழே போய்ப் பொத்தான் டப்பாவைக் கொண்டு வந்தாள்.

அந்த டப்பா கடையின் பொக்கிஷம். மெஷினில் துணி சுழலும்போது பொத்தான்கள் கழன்று அடியில் கிடக்கும். யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாதவை எல்லாம் டப்பாவுக்குப் போகும். பொத்தான் இல்லாமல் ஒரு சட்டையும் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது மடிப்புக்காரர் வைத்த சட்டம். டப்பாவில் கிடப்பதில் பொருத்தமாக ஒன்றை எடுத்துத் தைத்துக் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் கூலி கேட்கக் கூடாது, தைத்தோம் என்று சொல்லவும் கூடாது. வாங்கிப் போகிறவர்கள் பலருக்கு அது தெரியவே தெரியாது. தெரியாமல் செய்கிற உதவிக்குக் கணக்கை மேலே இருக்கிறவன் வைத்துக்கொள்வான் என்பது அவளுடைய நம்பிக்கை.

நிறத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டார்கள். நீலப் பொத்தான் வந்தால் மீன் பிடிக்க வேண்டும். பச்சை வந்தால் தோட்டம், சிவப்பு வந்தால் சுரங்கம். வெள்ளை என்றால் அண்டை வீட்டுக்காரர் யாரையாவது போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கறுப்பு வந்தால் கடற்கரையில் சும்மா உட்கார வேண்டும். நிறத்துக்கு நாலைந்து பொறுக்கி ஒரு பைக்குள் போட்டு, இடது கையால்தான் எடுக்க வேண்டும் என்று அவரே விதி வைத்துக்கொண்டார். எப்படியும் அந்த விரல்களுக்கு எதுவும் தெரியாது. ஏமாற்ற வழியே இல்லை.

அதற்குப் பிறகு அந்த மதியங்கள் கலகலப்பாகிவிட்டன. புயல் அடிக்கும்போது நீலம் வரும். குட்டி ஆள் கொட்டுகிற மழையில் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். விளக்கே வாங்காத நாளில் சிவப்பு வரும். சுரங்கத்துக்குள் போய் வௌவாலிடம் அடி வாங்கிக்கொண்டு திரும்புவான்.

"விளக்கு வாங்கிட்டுப் போகலாம்னு எனக்கே தெரியுதே. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். பட்டனுக்குத் தெரியாதே. நான் என்ன பண்ண?"

"செத்த மீனைத் தூக்கிட்டுப் போய் அந்தச் சிடுமூஞ்சி வீட்டுக் கதவைத் தட்டுறீங்களே, அது?"

"வெள்ளை வந்துச்சு, போனேன். கையில மீன் இருந்துச்சு, குடுத்தேன். வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?"

முடிவு எடுக்க வேண்டிய பாரம் இல்லாததால் அவருக்குச் சிரிப்பு வந்தது. தோற்றாலும் பழி பொத்தானுக்குத்தான். அவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் துணிகளை மடிப்பாள். இதுவே போதும் என்று சில நாள் தோன்றும். போதாது என்று சில நாள் தோன்றும்.

ஒரு நாள் வெள்ளை வந்தது. குட்டி ஆள் மீன் கடைக்காரர் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த அந்தப் பொம்மைக் கிழவர், "உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு. வழியைப் பார்த்துப் பார்த்து அலுத்துட்டேன்" என்றார். கேமில் எல்லோரும் சொல்கிற பேச்சுதான் அது. ஆனால் மடிப்புக்காரர் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டார்.

"அந்த டப்பாவை இப்படிக் குடு" என்றார், அவள் பட்டன் தைக்க மேலே கொண்டு வந்திருந்த பொத்தான் டப்பாவைக் காட்டி.

டப்பாவை மடியில் வைத்துத் துழாவிப் பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்றை எடுத்தார். பழுப்பு நிறம். மெஷினில் அடிபட்டு ஓரத்தில் கொஞ்சம் பெயர்ந்திருந்தது.

"பார்த்தியா, ஓரம் போச்சு. ஆனா நாலு ஓட்டையும் சரியா இருக்கு."

"அதுக்கு என்ன வேலை?"

"இது வந்தா நான் கடைக்கு இறங்கி வரேன்."

அதை இடது கைக்கு மாற்றி, டப்பாவுக்கு மேலாகப் பையின் பக்கம் கையைக் கொண்டுபோய் விரல்களை விரித்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பி டப்பாவை மூடிக் கீழே எடுத்துப் போனாள்.

மறுநாள் அவள் ஆசையோடு உட்கார்ந்தாள். பச்சை வந்தது. அதற்கடுத்த நாள் நீலம். நாட்கள் வாரங்களாயின. சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வந்தன. பழுப்பு வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கையைத் திறந்து பார்த்துவிட்டு, "சரி, இன்னைக்கு இல்ல" என்பார். முதலில் அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. போகப் போகக் குரல் இறங்கியது. ஒரு நாள், "மேல இருக்கிறவனுக்கே நான் வர்றதுல இஷ்டமில்ல போல" என்றார்.

அவளுக்கோ மனதில் வேறு ஒன்று ஓடியது. பைக்குள் இருப்பதிலேயே பெரியது அதுதான். எவ்வளவு மரத்த விரலாக இருந்தாலும் அது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் ஒதுக்குகிறாரோ? சந்தேகம் துணியில் பட்ட எண்ணெய் மாதிரி, பட்ட இடத்தோடு நிற்பதில்லை. அவர் சிரித்தால்கூட இப்போது அது நடிப்போ என்று பட்டது. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பாள். பிறகு, நோயில் விழுந்த மனுஷனைப் போய்க் கேட்பதா என்று மூடிக்கொள்வாள். பிரார்த்தனையில் மட்டும் சொன்னாள்: "அவர் மனசை மாத்து. முடியலைன்னா என் மனசையாவது சுத்தமா வை."

ஒரு காலை கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் பஸ் டிரைவர் துவைக்க ஒரு பேன்ட்டோடு வந்தார். வாடிக்கையாக வருகிறவர், குரல் ஹாரன் மாதிரி இருக்கும். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தாங்க அக்கா. இது என்னோடது இல்ல."

பழுப்புப் பொத்தான். ஓரத்தில் பெயர்ந்தது.

"என் யூனிபார்ம் கோட்டுல எல்லாம் கறுப்பு, நடுவுல இது ஒண்ணு மட்டும் பழுப்பு. டெப்போவுல ஒரே கிண்டல், நெத்திப் பொட்டுன்னு. நீங்க கேக்காமலே தைச்சுக் குடுத்தீங்க, அதை எப்படிக் குறை சொல்றதுன்னு விட்டுட்டேன். நேத்து சீட்டுக்கடியில என் பட்டனே கிடைச்சுது. இதை வச்சு நான் என்ன பண்ண? வேற யாருக்காவது ஆகும்ல."

அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாம் புரிந்துவிட்டது. அன்றைக்கு அந்த உணர்வில்லாத விரல்கள் பொத்தானைப் பையில் போடவில்லை. மடியிலிருந்த டப்பாவிலேயே நழுவ விட்டிருக்கின்றன. அவருக்கும் தெரியவில்லை, கண் கலங்கியிருந்த அவளுக்கும் தெரியவில்லை. மறுநாள் விடிந்தும் விடியாத இருட்டில், அவசர அவசரமாக, கடைச் சட்டப்படி, அவளே அதை எடுத்து டிரைவர் கோட்டில் தைத்து அனுப்பிவிட்டாள். பாவம் மனுஷன், இல்லாத பொத்தானை இத்தனை நாளாகத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு முகம் சுட்டது.

சத்தமில்லாமல் மேலே போய்ப் பைக்குள் போட்டுவிடலாம். மதியம் கை விடும்போது அதையே அவர் விரலுக்கு நேராக நகர்த்தியும் விடலாம். நல்லதுக்குத்தானே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் இத்தனை நாள் நேர்மையாக விளையாடியிருக்கிறார். இப்போது நாம் ஏமாற்றுவதா?

மாடிப்படியின் அடியில் போய் நின்றாள்.

"என்னங்க. உங்க பழுப்புப் பட்டன் வந்துடுச்சு."

மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"எங்க வந்துச்சு?"

"கீழ. கடைக்கு."

"கடைக்கு எப்படிடி வரும்? அது பைக்குள்ள இல்ல இருக்கு?"

"பைக்குள்ள விழவே இல்லைங்க. டப்பாவுல விழுந்திருக்கு. நான்தான் பார்க்காம டிரைவர் கோட்டுல தைச்சு அனுப்பிட்டேன். ஊரெல்லாம் பஸ்ல சுத்திட்டு இப்பதான் வந்திருக்கு. நீங்க வேணும்னே எடுக்கலைன்னு நினைச்சுட்டேன். தப்பு என்மேலதான்."

மேலே மெதுவாக ஒரு சிரிப்பு தொடங்கி, இருமலில் போய் முடிந்தது.

"சரி, கொண்டு வா."

"நான் எதுக்குக் கொண்டு வரணும்? அது வந்தா நீங்க வரேன்னு சொன்னீங்க. வந்துடுச்சு."

டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நல்ல மனுஷர். அவரும் படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க. நான் வண்டி எடுக்கணும். இந்தப் பேன்ட்டுல கிரீஸ் பட்டிருக்கு, அக்கா பிளீச் போடலாம்ங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவள் அப்படி எதையும் சொல்லவில்லை. டிரைவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

"கிரீஸுக்குப் பிளீச்சா?" மேலிருந்து வந்த குரலில் பழைய சூடு இருந்தது. "யாரு சொன்னா? கறையும் போகாது, கலரும் போயிடும். தொடாதீங்க, அப்படியே வைங்க."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. வலது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மடிப்புக்காரர் இறங்கி வந்தார். கசங்கிய சட்டை. கடைசிப் படியில் நின்று அதைக் குனிந்து பார்த்துக்கொண்டார். டிரைவர் அந்தச் சட்டையையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. பேன்ட்டை விரித்துக் கறையைக் காட்டினார்.

"முதல்ல மாவு தூவி எண்ணெயை இழுக்க விடணும். அப்புறம்தான் சோப்பு, அதுவும் வெந்நீர் கூடாது" என்று சொல்லிக்கொண்டே மடிப்புக்காரர் மேஜைக்குப் பின்னால் வந்துவிட்டார். மரத்த இடது கையைத் துணிமேல் பாரமாக வைத்து, வலது கையால் கறையைச் சுற்றித் தடவினார். துணி நகரவில்லை. அவள் அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"நீ போய் மாவு எடுத்துட்டு வா" என்றார். "அப்படியே எனக்கு ஒரு தேய்ச்ச சட்டை."

டிரைவர் போன பிறகு, மேஜைமேல் கிடந்த பழுப்புப் பொத்தானை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதைப் பைக்குள்ள போட்டுடலாமா?"

"வேணாம். டப்பாவுல போடு. யாருக்காவது ஆகும்."

அன்று மதியம் கொஞ்சம் தாமதமாகத்தான் மேலே போனார்கள். அவர் பைக்குள் கைவிட்டார். வெள்ளை வந்தது.

"யார் வீட்டுக்கு?" என்று கேட்டாள்.

"சிடுமூஞ்சி வீட்டுக்குத்தான். இருக்கிறதுலயே நல்ல மீனா ஒண்ணு எடுத்துக்கலாம்."